டிங்கரின் நாக்கு

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. டிங்கர் என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். நசுங்கின கார் கதவையும் ஒடுங்கின பஸ் முகப்பையும் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிற டிங்கர் வேலையில் ஆயுசைத் தேய்த்த மனிதர். தகரச் சத்தத்தில் காது மந்தமாகி, அதனால் தொண்டை பெரிசாகி, "தண்ணி குடு" என்று கேட்டால்கூட யாரையோ அடிக்கப் போகிறார் என்று நினைக்க வேண்டியிருக்கும்.

பட்டறை முதலாளி ஷெட்டை விற்றுவிட்டுப் போனதும், டிங்கர் வீட்டுக்குப் பின்னால் கிடந்த இடத்தில் இறங்கினார். ஒரு லாரியை நிறுத்தி, பக்கத்தில் ஒரு ஆட்டோவையும் சொருகலாம், அவ்வளவுதான் இடம். வீடு கட்டினவன் மிச்சம் போட்ட செங்கல் துண்டும், உடைந்த பாட்டிலும், துருப்பிடித்த கட்டுக்கம்பியுமாகக் கிடந்தது. மணலைச் சலிக்கிற சல்லடையில் அந்த மண் முழுவதையும் சலித்தார். பட்டறையில் தூக்கிப் போட்ட பழைய குழாய்களை வெல்டு வைத்துப் பந்தல் போட்டார். பஸ்ஸே ஏறி நின்றாலும் தாங்குகிற பந்தல். அதில் ஏறினது சுரைக்கொடி.

கீழே வெண்டை, கத்தரி, தக்காளி, கீரை. துணி துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு பாத்தி மட்டும் மனைவிக்கு. அதில் அவள் செவ்வந்தியும் ரோஜாவும் வைத்திருந்தாள்.

"தின்ன உதவாத செடிக்கு எதுக்கு இவ்வளவு தண்ணி?" என்பார் டிங்கர்.

"உங்களுக்கும்தான் தினம் மூணு வேளை ஊத்துறேன். யாருக்கு உதவுது?" என்பாள் அவள்.

அவள் வாய் அப்படித்தான். வாய் மட்டும் இல்லாவிட்டால் அந்த மனிதரோடு குப்பை கொட்டியிருக்க முடியாது. மாணவர் விடுதி ஒன்றில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அண்டா அண்டாவாக ஆக்கிப் போட்டவள். அவள் கையால் தின்று வளர்ந்த பையன்கள் இன்றைக்குத் தொப்பையும் வழுக்கையுமாகத் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்துவார்கள். "சமையலம்மா, அந்தக் குழம்பு மாதிரி அப்புறம் நாங்க சாப்பிடவே இல்லம்மா" என்பார்கள். அவளுக்கு ஒரு வீம்பு உண்டு. சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள். உப்பு கையளவு, புளி கண்ணளவு, வெந்தது மூக்களவு. "கரண்டிய நக்கி நக்கிச் சமைக்கிறவ சமையல்காரியா?" என்று கேட்பாள். தட்டில் போடும்வரை அவள் நாக்குக்கு அந்தச் சாப்பாட்டோடு சம்பந்தமே கிடையாது.

ஊரே மெச்சின அந்தக் கைக்கு வீட்டில் மட்டும் மதிப்பில்லை. டிங்கர் தட்டு முன்னால் உட்கார்ந்தால் முதல் கவளத்திலேயே முகம் கோணும். உப்புத் தூக்கல் என்பார். நேற்று உப்பில்லை என்றிருப்பார். காய் வேகவில்லை, சோறு குழைந்துவிட்டது, இதில் எதுவும் இல்லையென்றால் சூடு போதவில்லை. அவள் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பதிலுக்கு இரண்டு சொல்வாள். ஆனால் மறுநாளும் அதே இடத்தில் வந்து நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்தக் கேள்வியை அவள் விட்டதில்லை. அவரும் ஒருநாள்கூட நல்லதாக ஒரு சொல் சொன்னதில்லை.

போன வருஷம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஆளைப் புரட்டிப் போட்ட காய்ச்சல். காய்ச்சல் இறங்கி, பாயில் எழுந்து உட்கார்ந்து, அவள் ஊட்டின கஞ்சியை விழுங்கினபோது வாயில் ஒன்றுமே தெரியவில்லை. நாலு நாள் போனால் சரியாகும் என்று இருந்தார். சோற்றைத் தின்றாலும் ஒன்றுதான், ஈரத்துணியை மென்றாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. மிளகாய் மட்டும் சுட்டது. அதுவும் காரமாக இல்லை, வெந்நீர் பட்டதுபோல் சுட்டது. மூக்கும் அப்படியே. செவ்வந்திப் பாத்தியில் போய்க் குனிந்து பார்த்தார். காற்றுதான் வந்தது.

அந்த நாட்களில் ஒருநாள் அவள் எதிரே நின்று, "எப்படி இருக்கு?" என்றாள்.

என்ன குறை சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. உப்புத் தூக்கலா, கம்மியா என்று தெரிந்தால்தானே திட்டுவதற்கு. சும்மா இருந்தால் விடமாட்டாள். வாயில் வந்ததைச் சொன்னார்.

"நல்லா இருக்கு."

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். காதில் விழுந்ததை நம்பாமல், "என்ன?" என்றாள்.

"நல்லா இருக்குன்னு சொன்னேன். காது கேக்கலையா? எனக்குத்தான் மந்தம்."

அன்று சாயங்காலம் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். டிங்கருக்குக் காது மந்தம் என்கிற தைரியத்தில் கூடத்திலேயே நின்று பேசினாள். "உங்கப்பன் செத்துப் பொழச்சதுல புத்தி வந்துடுச்சுடி. நல்லா இருக்குன்னு சொன்னாரு. ஆமா, அவர் வாயாலதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் மூக்கை உறிஞ்சினாள். சந்தோஷத்தில் குரல் ஏறியிருந்ததால், பாயில் கிடந்த டிங்கருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அதற்கப்புறம் உண்மையை எப்படிச் சொல்வது? நாக்கு செத்துப்போச்சு, நீ ஆக்கிப் போடுறது எனக்கு மண்ணும் ஒண்ணுதான் என்று எந்த வாயால் சொல்ல? நாக்கு திரும்பி வரட்டும், வந்த பிறகு உண்மையாகவே நல்லதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார். வரவில்லை. டாக்டரிடம் போக வேண்டுமென்றால் அவளிடம் சொல்ல வேண்டும். போகவில்லை.

பொய் பழகிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தே சொல்லக் கற்றுக்கொண்டார். அவள் பெருமையாக நிற்கிற நாளில் "பிரமாதம்" என்பார். கொஞ்சம் சந்தேகமாக நின்றால், "நேத்து இன்னும் நல்லா இருந்துச்சு" என்பார். மகளும் மருமகனும் வந்திருந்த நாளில் தட்டை நீட்டி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மகள் வாயைப் பிளந்தாள். வீட்டில் சண்டை குறைந்தது. அவள் வேலை செய்துகொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தாள். கல்யாணம் ஆன புதிதில்கூட அவர் கேட்காத பாட்டு. இந்த வயதில் கிடைத்த அமைதி. அது தன்னுடைய செத்த நாக்கின் மேல் நிற்கிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இப்படியே ஓடியிருக்கும், சுரைக்காய் மட்டும் இல்லாவிட்டால்.

டிங்கர் கடை விதை வாங்குகிறவர் இல்லை. வருஷா வருஷம் நல்ல கொடியில் ஒரு காயை முற்றவிட்டு, காயவைத்து, விதை எடுத்துக்கொள்வார். அதில் ஒரு வம்பு இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தையல்காரர் வீடு. அவருடைய வேலி ஓரமாகச் சாக்கடைத் தண்ணீரில் ஒரு பேய்ச்சுரை தானாக முளைத்துப் படர்ந்து கிடந்தது. பார்க்கச் சுரைக்காய் மாதிரியே இருக்கும். வாயில் வைத்தால் ஒரே கசப்பு, விஷம். அதன் மகரந்தம் நல்ல பூவில் ஏறிவிட்டால் அந்தக் காய்க்கு ஒன்றும் ஆகாது. அந்தக் காயின் விதையில் முளைக்கிற கொடியின் காய்தான் கசக்கும்.

"அதைப் புடுங்கி எறியுமய்யா" என்று டிங்கர் வேலிக்கு மேலாகக் கத்தினார்.

"அது பாட்டுக்கு என் எடத்துல கெடக்கு. உமக்கு என்ன கண்ணு உறுத்துது?" என்றார் தையல்காரர். "சட்டையில காஜா எடுக்கிறதுக்கு உம்மைக் கேட்டா எடுக்கிறேன்?"

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. டிங்கர் தன் பக்கம் காவல் வைத்தார். விதைக்கென்று தேர்ந்த பெண் பூ, விரிவதற்கு முன்னால், பொழுது சாய்கிற நேரத்தில் அதன் வாயை நூலால் கட்டிவிடுவார். அப்புறம் தன் கொடியின் ஆண் பூவைக் கிள்ளி வந்து, கட்டை அவிழ்த்து, உள்ளே தடவிவிட்டு, மறுபடி கட்டுவார். பூச்சிக்கும் வண்டுக்கும் அங்கே வேலை இல்லை.

காய்ச்சல் வந்த வருஷம் அந்தப் பூவைக் கட்ட ஆள் இல்லை. அவர் பாயில் கிடந்தார். ஆனால் கொடி தன்பாட்டுக்குக் காய்த்தது, காய் முற்றியது. எழுந்து நடமாடத் தொடங்கினபோது ஒரு அழகான காய் பந்தலில் காய்ந்து தொங்கியது. கட்டாத பூவில் வந்த காய் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வேறு விதையும் இல்லை. நட்டார்.

நடும்போது அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு தைரியம்தான். எந்த வருஷமும் ஒவ்வொரு கொடியிலும் முதல் காயை அறுத்து, காம்புப் பக்கம் ஒரு சீவல் சீவி, பச்சையாக நாக்கில் வைத்துப் பார்ப்பார். கசந்தால் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கிவிடுவார். நாக்கு பார்க்காத காய் அந்த வீட்டு அடுப்புக்குப் போனதில்லை. அந்த நாக்குதான் இப்போது இல்லை. அது திரும்பி வந்துவிடும், கொடி காய்க்கிறதற்குள் வந்துவிடும் என்று எண்ணி நட்டார்.

கொடி காய்த்தது. நாக்கு வரவில்லை.

முதல் காய்களை அறுக்கிற அன்றைக்கு அவள் முறத்தோடு பந்தலுக்கு அடியில் வந்து நின்றாள். வருஷா வருஷம் நிற்கிறதுதான். டிங்கர் கத்தியைத் துடைத்தார். முதல் கொடியின் காயைச் சீவி வாயில் வைத்தார். மென்றார். வழுவழுப்பு தெரிந்தது, ஈரம் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "இந்தா, நீ வாயில வெச்சுப் பாரு." அவ்வளவுதான். ஆனால் அவள் ஏன் என்று கேட்பாள். கேட்டால் விடமாட்டாள். எல்லாம் உருவி வெளியே வந்துவிடும்.

"என்ன யோசனை? கசக்குதா?" என்றாள்.

"சே, சே. தேன் மாதிரி இருக்கு."

அடுத்த கொடி. அதுவும் தேன். வேலி ஓரத்துக் கொடிதான் எல்லாவற்றையும்விடக் கொழுத்து நின்றது. இலையெல்லாம் முறம் அகலம். அதன் காயைச் சீவினபோது அவர் கை கொஞ்சம் நின்றது. கொழுத்த கொடியைப் பார்த்தால், பேய்ச்சுரை கலந்திருக்குமோ என்று அவருக்கு எப்போதும் சந்தேகம்தான். வாயில் போட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். சமையலுக்கு அவள் முகத்தைப் பார்த்தே சொல்லிப் பழகின ஆள். காய்க்கு அந்த முகத்தில் என்ன எழுதியிருக்கும்?

"இதுதான் இருக்கிறதுலயே ஒசத்தி" என்றார்.

அவள் அந்தக் காயையே எடுத்துக்கொண்டாள். அதே கொடியில் இன்னொன்று தொங்கியதையும் அறுக்கச் சொன்னாள். "தையல்காரர் வீட்டுக்குக் குடுத்துட்டு வரேன். எத்தனை நாளைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கிறது? நீங்கதான் மாறிட்டீங்களே. அந்த மனுஷனும் மாறட்டும்."

டிங்கர் வாயைத் திறந்தார், மூடினார். அவள் வேலியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் தட்டு வந்தது. சுரைக்காயைப் பெரிசு பெரிசாக நறுக்கி, பதமாக வேகவிட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அவள் வழக்கமான இடத்தில் நின்றாள். டிங்கர் ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டார்.

"எப்படி இருக்கு?"

"இந்த வருஷத்துக் காயே தனி. இன்னும் கொஞ்சம் போடு."

போட்டாள். அவள் முகம் விளக்கு போட்ட மாதிரி இருந்தது. அந்த முகத்துக்காக அவர் அதையும் வழித்துத் தின்றார். தட்டில் ஒட்டினதைக்கூட விரலால் எடுத்தார்.

அப்புறம் அவள் தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் முகம் சுருங்கியது. எழுந்து ஓடி வாசலில் துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். உள்ளே வந்து, துடைத்து வைத்த மாதிரி இருந்த அவர் தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"என்ன?"

"நாக்குல வெக்க முடியல. வெசம் மாதிரி கசக்குது. நீங்க எப்படி..."

அதற்குள் வாசலில் சத்தம். தையல்காரர் இடுப்பில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கழுத்தில் தொங்கின அளவு நாடாவைக்கூட எடுக்காமல் வந்து நின்றார். கையில் பாதி வெட்டின சுரைக்காய்.

"டிங்கரே, சண்டை போடுறதுன்னா நேரா போடும். இதென்ன பொட்டைத்தனமான வேலை? பொண்டாட்டி கையில கசப்புக் காயைக் குடுத்து அனுப்பி எங்களைக் கொல்லப் பாக்குறீரா? எங்க வீட்டுக்காரி நறுக்கும்போதே வாயில வெச்சுப் பார்த்தா, இல்லேன்னா..."

டிங்கர் பதில் சொல்ல எழுந்தார். எழுந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். தின்றதெல்லாம் வெளியே வந்தது. வந்தது நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதில் ரத்தம் கலந்து வந்தது. தையல்காரர் காயைக் கீழே போட்டுவிட்டு, "அய்யய்யோ, இந்த மனுஷனே தின்னிருக்காரா!" என்று ஓடி, போகிற ஆட்டோவை மறித்து, அவரைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஊசி, பாட்டில் எல்லாம் ஏற்றி வயிறு அடங்கின பிறகு டாக்டரம்மா வந்து நின்றாள். மனைவி கட்டிலின் தலைமாட்டில் நின்றாள்.

"இவ்வளவு கசப்பை எப்படிங்க சாப்பிட்டீங்க? ஒரு வாய்க்கு மேல யாராலயும் உள்ள தள்ள முடியாதே. கசப்புத் தெரியலையா?"

டிங்கர் கூரையைப் பார்த்தார்.

"தெரியாதும்மா."

"எப்போலேர்ந்து?"

"போன வருஷம் காய்ச்சல் வந்துச்சே, அப்போலேர்ந்து. எதுவுமே தெரியாது."

டாக்டரம்மா எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மனைவி தலைமாட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், மூடினாள், அதே இடத்தில் வைத்தாள்.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்குக் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடித்ததும்தான் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கிறேன். இதுக்காவது உண்மையச் சொல்லுங்க. மக வந்திருந்தப்போ ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே. அது?"

"தெரியல."

"ஒண்ணுமே தெரியலையா?"

"ஒண்ணுமே."

"அவளுக்குப் போன் போட்டுப் பெருமையடிச்சேன். விடுதிப் பையனுங்ககிட்ட எல்லாம் சொன்னேன். எங்க வீட்டுக்காரரே மெச்சுறாருன்னு." விரலால் பாயைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "அந்தக் காயை எனக்கு ஒரு வாய் குடுத்துப் பாக்கச் சொல்லியிருந்தா என்ன? தையல்காரர் குடும்பத்துல யாராவது தின்னிருந்தா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"இத்தனை வருஷம் உப்பில்ல, ஒறைப்பில்லன்னு திட்டுனீங்களே. அப்போ நாக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நல்லா இருக்குன்னு சொன்னப்போ இல்ல."

தகரத்தில் ஒடுக்கு விழுந்தால் பின்னால் கட்டை வைத்து முன்னால் தட்டி எடுத்துவிடலாம். இதை எங்கே வைத்துத் தட்டுவது? கடைசியில், அவர் ஆயுசிலேயே அவ்வளவு மெல்லிய குரலில் பேசியிருக்கமாட்டார், அப்படிச் சொன்னார்.

"அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"எப்போ?"

"எல்லா நாளும். நாக்கு இருந்தப்போ. உன் சமையல்ல ஒரு குத்தமும் கெடையாது. முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வருவேன். அவனைத் திருப்பித் திட்ட முடியுமா? நீ எதிர்ல நிப்ப. உன்மேல காட்டுவேன். திட்டினதுதான் பொய்."

அவர் பேச்சிலேயே அவள் சமையலைப் பற்றின முதல் உண்மை அதுதான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"விடுங்க. இன்னொரு தடவை ஏமாற எனக்குத் தெம்பில்ல."

"நெசமாத்தான் சொல்றேன்."

"தேன் மாதிரி இருக்குன்னு சொன்னப்பவும் இதே மூஞ்சிதான்."

அவள் பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் பந்தலில் கொடி அறுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வேலி ஓரத்துக் கொடியை மட்டும் இல்லை, எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருந்தாள். பூவும் பிஞ்சுமாக நின்ற கொடிகள். அதில் நல்லது இருந்திருக்கலாம். அவளே ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்திருக்கலாம். சொல்ல வாய் எடுத்தார். இந்த வீட்டில் ருசியைப் பற்றிப் பேசத் தனக்கு இனி வாய் இல்லை என்று தோன்றியது. ஜன்னலை விட்டு வந்து படுத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் அவள் செவ்வந்தி நாற்றுகளை நட்டாள். வெண்டையும் கத்தரியும் காய்த்து ஓய்ந்த பாத்திகளிலும் அதையே நட்டாள். தையல்காரர் வீட்டு அம்மா வேலிக்கு மேலாக நாற்று கொடுத்தாள். இரண்டு பெண்களும் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள். காய் இப்போது கடையிலிருந்து வருகிறது. டிங்கர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மண்ணில் வேலை செய்யாமல் கை சும்மா இருக்காது.

சாப்பாடு வேளைக்கு வருகிறது. முன்னை மாதிரியே சமைக்கிறாள். அல்லது அப்படித்தான் இருக்க வேண்டும், அவருக்கு எப்படித் தெரியும்? தட்டை வைப்பாள். எதிரே நிற்பதில்லை. திரும்பிப் பின்பக்கம் போய்விடுவாள். அவளுடைய தட்டு துவைக்கிற கல்லின் மேல் இருக்கும்.

ஒருநாள் டிங்கர் தின்று முடித்துவிட்டு, வேண்டும் என்று இல்லை, சும்மா, பழைய குரலில் கத்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடு!"

அவள் வந்தாள். பாத்திரத்தை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"வயித்துக்குப் பத்தலையா?" என்று கேட்டாள். கரண்டியை அதிலேயே போட்டுவிட்டு, வெளியே தன் தட்டுக்குப் போனாள்.